ஸ்ரீவில்லிபுத்தூர் யூனிட்டை நான் நேராக்கிய கதை

நான் ஒரு முட்டாள். அடக்கத்துக்காகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம், ஆதாரம் இருக்கிறது. ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் ஆலையில் வேலை பார்த்து, திட்டப் பிரிவு மேலாளராக ஓய்வு பெற்றவன் நான். நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஓர் இடத்தை, ஒழுங்குபடுத்துகிறேன் என்று இறங்கி, ஒரே வாரத்தில் நிறுத்திக் காட்டிய பெருமை எனக்கு உண்டு. எங்கள் தொழிற்சங்கம் பல தடவை முயன்றும் முடியாத காரியம் அது. என் மூளையின் அளவு என் மனைவிக்குக் கல்யாணமான சில நாளிலேயே பிடிபட்டுவிட்டது. நிர்வாகத்துக்குத்தான் ரொம்பக் காலம் பிடித்தது.

இதை இப்போது எழுத வைத்தது நிவேதா. நான் காலி செய்த நாற்காலியில் இன்று உட்கார்ந்திருக்கும் பெண். போன வாரம் போன் செய்தாள்.

“சார், புது சாப்ட்வேர் வருது. எல்லா யூனிட்டும் ஒரே திரையில தெரியும். யாரு எங்க இருக்கா, எந்த மெஷின் என்ன செய்யுதுன்னு ஒரே பார்வையில பாத்துரலாம்.”

“நான் எங்க இருக்கேன்னு தெரியுமா அதுல?”

“நீங்க வீட்ல சோபாவுலதான் சார் இருப்பீங்க. அதுக்கு சாப்ட்வேர் எதுக்கு? நம்ம ஆலை மலருக்கு ஒரு கட்டுரை வேணும். சிக்கலான நிர்வாகத்தை எளிமையாக்குவது எப்படின்னு. நீங்க நிறைய செஞ்சிருக்கீங்கள்ல.”

செய்திருக்கிறேன். பூட்டைப் பற்றித் திருடனிடம் கட்டுரை கேட்கிறாளே என்று நினைத்துக்கொண்டு ஒத்துக்கொண்டேன்.

என் பயிற்சிக் காலத்தில் எழுதுவதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. டிப்ளமா முடித்துத் தறிக்கூடத்தில் நின்றேன். காதில் பஞ்சு, மூக்கில் பஞ்சு. வீட்டுக்குப் போனால் தலையணையிலிருந்து தப்பி வந்தவன் மாதிரி இருப்பேன். பிறகு அலுவலகத்துக்கு ஏறினேன். ஒரு தடவை கோயம்புத்தூருக்கு நிர்வாகப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். பெட்டி போட்டு, அம்புக்குறி போட்டு, யாருக்குக் கீழே யார் என்று வரையக் கற்றுக்கொடுத்தார்கள். அதோடு என் வாழ்க்கை கெட்டது. ஊருக்குத் திரும்பிய வேகத்தில் எங்கள் வீட்டுக்கே ஒரு படம் வரைந்தேன். உச்சிப் பெட்டியில் நான். என் மனைவி தளவாய்புரத்துக்காரி, வாய்க்குக் குறைவில்லை. படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, “இதுல கேஸ் சிலிண்டர் தீந்து போச்சுன்னு எந்தப் பெட்டிக்குத் தெரியும்?” என்று கேட்டாள். அன்றைக்கே விட்டிருக்கலாம். விடவில்லை.

நான் வேலை பார்த்த கடைசி வருஷங்களில் எங்கள் பொது மேலாளர் வசுந்தரா மேடம். என்னைவிட வயதில் நன்றாக இளையவர். ராஜபாளையத்துக்காரர்தான், வீட்டில் தெலுங்கு. முக்கியமான கூட்டத்தின் நடுவில் அவருடைய அம்மா போன் செய்வார். “வஸ்தானம்மா”, வருகிறேனம்மா, என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டு, பாதியில் விட்ட வாக்கியத்தை அதே இடத்திலிருந்து தொடர்வார்.

அவரிடம் ஒரு திட்டத்தைக் கொண்டுபோவது தனி அனுபவம். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தபடி வாங்க மாட்டார். எழுந்து சுற்றி வந்து, நம் பக்கத்து நாற்காலியில் உட்காருவார். கையில் ஒரு பென்சில் இருக்கும். அதை வைத்து ஒரு கோடுகூடப் போட மாட்டார். முழுவதையும் படிப்பார். படித்து முடித்ததும் தாளைக் குப்புறத் திருப்பி வைப்பார். நான் வண்ண வண்ணமாகப் போட்ட கட்டங்கள் எல்லாம் மேசைக்கு முகத்தைக் காட்டிக்கொண்டு கிடக்கும். அப்புறம் கேட்பார்:

“இதுல யாரு கோவிச்சுக்கிடுவாங்க?”

அவ்வளவுதான் பரீட்சை. லாபம் என்ன, செலவு என்ன என்பதெல்லாம் அப்புறம். “யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க மேடம்” என்று சொன்னால் அன்றைக்கு நாம் தொலைந்தோம். “அப்ப நீங்க இன்னும் யார்கிட்டயும் பேசல” என்று தாளை நம் கையிலேயே கொடுத்துவிடுவார். இரண்டு தடவை நான் அப்படித் திரும்பி வந்திருக்கிறேன். மூன்றாவது தடவை புத்தி வந்து, சும்மாவாவது நான்கு பேர் பெயரைச் சொன்னேன். “இதுல பழனி போன மாசமே ரிட்டயர்டு” என்றார்.

இனி ஸ்ரீவில்லிபுத்தூர்.

ராஜபாளையத்தில் நெய்து வெளுத்த துணி அங்கே போகும். வெட்டுவது, மடிப்பது, உறையில் போடுவது, பிறகு நீராவியில் கிருமி நீக்குவது எல்லாம் அந்தச் சின்ன யூனிட்டில்தான். கிருமி நீக்கும் இயந்திரத்துக்கு ஆங்கிலத்தில் பெரிய பெயர் உண்டு. அங்கே எல்லோருக்கும் அது ‘குக்கர்’. வேலை செய்பவர்கள் அத்தனை பேரும் பெண்கள். கிருமி நீக்கிய பெட்டிகளை ஏற்றிக்கொண்டு சாயங்காலம் லாரி புறப்படும்.

வேலையில் குறை கிடையாது. குறை வருகைப் பதிவில்தான். காலை ஷிப்டில் பெயர் இருப்பவர் சாயங்காலம் நிற்பார். மடிக்கும் மேசைக்காரர் வெட்டிக்கொண்டிருப்பார். ஞாயிற்றுக்கிழமை விடுப்பு என்று இருக்கிறவர் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வந்திருப்பார். பெரிய ஆஸ்பத்திரி நிறுவனம் ஒன்று எங்களிடம் சரக்கு வாங்க விரும்பியது. வாங்குவதற்கு முன் ஆய்வாளர் ஒருவரை அனுப்புவதாகச் சொன்னது. முதலாளி என்னையும் மேடத்தையும் கூப்பிட்டார்.

“அந்த யூனிட்டை வர்றவர் பாத்தார்னா சந்தைக்கடைன்னு எழுதிட்டுப் போயிருவார். அதுக்குள்ள ஒழுங்காக்குங்க. ஆகலைன்னா மூடிட்டு எல்லாரையும் இங்க கொண்டு வந்துருவோம். இங்க இடம் கெடக்கு.”

மூடுவது என்றால் என்ன என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. ராஜபாளையம் பக்கத்து ஊர்தானே, பஸ் ஏறி வரட்டுமே என்று நினைத்தேன். குக்கரை இயக்கும் கனகம் சுந்தரபாண்டியத்துக்காரர். அவருடைய கணவர் ராணுவத்தில் இருந்து காலில் அடிபட்டுத் திரும்பியவர்; எழுப்பி உட்கார வைக்க ஆள் வேண்டும், சில நாட்கள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால் கனகத்தால் சமாளிக்க முடியும். ராஜபாளையம் என்றால் வேலையை விடுவதைத் தவிர வழியில்லை. அவரைப் போல அங்கே பாதிப் பேர். இது எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. நான் கட்டம் போட்டுக்கொண்டிருந்தேன்.

அழகான அட்டவணை. ஒவ்வொருவருக்கும் ஒரு மேசை, ஒரு ஷிப்ட், ஒரே மாதிரி விடுப்பு. வாசலில் விரல் ரேகை இயந்திரம். தன் ஷிப்டுக்கு வந்தால் பச்சை விளக்கு, மாறி வந்தால் சிவப்பு. பிளாஸ்டிக் உறை போட்டு மேடத்திடம் கொண்டுபோனேன். படித்தார். குப்புறத் திருப்பினார். கேட்டார்.

“கனகம் கொஞ்சம் கோவிச்சுக்கிடும் மேடம்” என்றேன். பரீட்சைக்குக் குத்துமதிப்பாக எழுதும் பதில்.

“ஒரு பேருதானா?”

“மத்த எல்லாருக்கும் சமமாத்தானே போட்டிருக்கேன்.”

பென்சிலைக் கொஞ்ச நேரம் உருட்டினார். “சரி, போட்டுப் பாருங்க. ஆனா இங்க இருந்துக்கிட்டு நடத்தக் கூடாது. நீங்க அங்கேயே போய் உக்காரணும்.”

போய் உட்கார்ந்தேன். முதல் நாள் பெண்கள் சண்டைக்கு வருவார்கள் என்று பதில்களைத் தயார் செய்து வைத்திருந்தேன். யாரும் வரவில்லை. அட்டவணையைப் படித்தார்கள். சொன்னபடி அப்படியே நடந்தார்கள். அதைவிடப் பெரிய தண்டனையை என் எதிரிகூடக் கொடுத்திருக்க முடியாது.

வெட்டும் மேசையில் துணி தேங்கியது. முன்பென்றால் மடிக்கிறவர்கள் எழுந்து போய் இரண்டு கை போடுவார்கள். இப்போது மடிக்கும் மேசையில் எல்லோரும் மடியில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்கள், போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி.

“என்னம்மா, சும்மா இருக்கீங்க?”

“துணி வரலயே சார்” என்றார் பாப்பாத்தி. வீட்டில் மாடு வைத்திருப்பவர். சாயங்காலம் பால் ஊற்றப் போக வேண்டியவர்.

“வெட்டலாம்லா?”

“வெட்டலாம். எங்க பெட்டியில மடிப்புன்னுதான் போட்டிருக்கு.” சுவரில் இருந்த அட்டவணையைப் பார்த்தார். “நல்லா அழகாப் போட்டிருக்கிய.”

சில நாளில் கனகம் கணவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டி வந்தது. குக்கரை இயக்கத் தெரிந்த இன்னொருவர் மேரி. வழக்கம் போல அவர் காலையிலேயே கனகத்துக்குப் பதிலாக வந்து நின்றார். விரலை வைத்தார். சிவப்பு. மறுபடியும் வைத்தார். சிவப்பு. என்னைப் பார்த்தார்.

“நான் சாயந்தர ஷிப்டாம் சார். மெஷின் சொல்லுது.”

“மெஷின் கெடக்கட்டும், உள்ள வாங்க.”

“ஒங்க மெஷின் சார். நீங்களே கெடக்கட்டும்னா எப்படி? இன்னைக்குச் சம்பளத்தை அது குடுக்குமா, நீங்க குடுப்பியளா?”

ராஜபாளையத்துக்குப் போன் செய்து அனுமதி வாங்குவதற்குள் மேரி ஜெபக் கூட்டத்துக்குப் போய்விட்டார். குக்கர் குளிர்ந்து கிடந்தது. சாயங்காலம் லாரி பாதி காலியாகப் புறப்பட்டது. மறுநாள் கனகம் வந்து என் முன்னால் நின்றார். கோபமே இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

“மாசக் கடைசியோட நின்னுக்கிடுதேன் சார். இப்படி நேரம் கட்டிப் போட்டா எனக்கு ஏலாது. அவிய காலு நேரம் பாத்தா வலிக்கும்?”

அன்று மத்தியானம்தான் எனக்கு உறைத்தது. மூடப் போகிறார்களா இல்லையா என்று முதலாளி முடிவு செய்வதற்கு முன்பே நான் மூடிக்கொண்டிருந்தேன்.

புத்திசாலி என்றால் அங்கே நிறுத்தியிருப்பான். நான் அடுத்த முட்டாள்தனத்துக்குத் தாவினேன். அட்டவணை தப்பு, ஏனென்றால் இவர்களுக்குள் இருக்கும் மாற்றல் ஏற்பாடு எனக்குத் தெரியாது. அதை முழுசாக வரைந்துவிட்டால் தீர்ந்தது. ராஜபாளையத்து வெயிலில் ஸ்வெட்டர் பின்னக் கற்றுக்கொண்டிருந்த என் மனைவியிடம் கம்பளி நூலை வாங்கிக்கொண்டு போனேன். சுவரில் ஆளுக்கு ஓர் ஆணி. யார் யாருக்குப் பதில் வருவார்கள் என்பதற்கு ஆணிக்கு ஆணி நூல். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்தேன்.

மேரியும் சில பெண்களும் ஞாயிறு கோயிலுக்குப் போக, மற்றவர்கள் அன்று வருவார்கள். ஆடிப்பூரத் தேருக்கு மற்றவர்கள் போக, இவர்கள் யூனிட்டைப் பார்ப்பார்கள். செண்பகத்தோப்புப் பக்கமிருந்து வரும் செல்வியின் கணவர் வனத்துறையில் காவலர். மலையில் தீ என்றால் அவர் இறங்கி வரும்வரை செல்வி வீட்டைவிட்டு நகர முடியாது. நூல் கூடக் கூட எனக்கு உற்சாகம் கூடியது. அவர்களுக்கு வேடிக்கை.

“ஏட்டி மேரி, பச்சை நூலு யாருக்கு?” என்றார் பாப்பாத்தி.

“பச்சை ஒனக்கு. செவப்பு நம்ம சண்டைக்கு.”

“பிளானிங் சார், எங்க மாமியாருக்கு எந்த நூலு?” என்றார் செல்வி. “அவிய வந்தா எனக்கு ரெண்டு நாள் லீவு. போனா ஒரு நாள் லீவு.”

“வந்தா எதுக்கும்மா?”

“சமைக்க.”

“போனா?”

“தூங்க.”

மாமியாருக்கும் ஓர் ஆணி அடித்தேன். மறுநாள் காலையில் வந்து பார்த்தால், சுவரில் இருப்பதற்கும் உள்ளே நிற்பவர்களுக்கும் சம்பந்தமே இல்லை. பாப்பாத்தியின் மாடு கன்று போட்டிருந்தது. அதனால் அவர் இடத்துக்கு ஒருவர், அந்த ஒருவர் இடத்துக்கு இன்னொருவர் என்று யூனிட் முழுவதும் நகர்ந்திருந்தது. கன்றுக்குட்டிக்கு நான் ஆணி அடித்திருக்கவில்லை.

அன்று வசுந்தரா மேடம் வந்தார். சுவர் முன்னால் ரொம்ப நேரம் நின்றார்.

“வலை நல்லா வீசியிருக்கீங்க” என்றார். “மீன் எங்க?”

அவர் துணிக்கட்டு ஒன்றின்மேல் உட்கார்ந்து எல்லோரையும் கூப்பிட்டார். நூலைப் பற்றியோ அட்டவணையைப் பற்றியோ ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“இங்க எது மாறுனா எல்லாமே நின்னு போகும்?”

“குக்கர்” என்றார் கனகம் யோசிக்காமல்.

“அது எப்படி? லாரி போயிட்டா குக்கர் ஓடி என்ன செய்ய?” என்றார் மேரி. “நாந்தான் டிரைவர்கிட்ட செத்த நிக்கச் சொல்லுவேன்.”

“நீ எங்க சொன்ன?” என்று திரும்பினார் பாப்பாத்தி. “இம்புட்டு நாளா அவருக்கு டீ வாங்கிக் குடுத்து நிப்பாட்டுறது நானு.”

மேரிக்கு அது தெரியாது. கனகத்துக்கு இரண்டுமே தெரியாது. வெட்டும் மேசையில் யார் யாருக்குப் பதில் என்று கேட்டபோது, மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னார்கள். மூவரும் சத்தியம் செய்யத் தயாராக இருந்தார்கள். நான் ஒரு வாரமாகத் தேடிய முழுப் படம் அங்கே எவர் தலையிலும் இல்லை.

“அப்ப முழுசா யாருக்குமே தெரியாது” என்றார் மேடம்.

“தெரிஞ்சு என்ன செய்ய மேடம்?” என்றார் மேரி. “எனக்கு என் பக்கத்து மேசை தெரியும். அது போதும்லா.”

மேடம் பென்சிலை உருட்டினார். குக்கர் பக்கத்தில் பயிற்சி பெற்ற ஒருவர் இல்லாத நேரம் இருக்கக் கூடாது. லாரி புறப்படும் நேரம் மாறாது. இந்த இரண்டும் கல். மற்றதெல்லாம் அவர்களே பார்த்துக்கொள்ளட்டும். விரல் ரேகை இயந்திரம் வந்த நேரத்தையும் போன நேரத்தையும் மட்டும் குறிக்கட்டும், சிவப்பு விளக்கைப் பிடுங்குங்கள் என்றார். குக்கரை இயக்கத் தெரிந்தவர்கள் இரண்டே பேர் என்பது போதாது; விருப்பப்பட்ட எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்துச் சான்றிதழ் வாங்கச் சொன்னார். அதற்கு நாளும் செலவும் ஆகும் என்று நான் இழுத்தேன். “ஆகட்டும்” என்றார்.

“மூணாவதா, காலைல எல்லாரும் வரிசையா நின்னு வருகை சொல்லலாம் மேடம்” என்றேன்.

கனகம் சிரித்துவிட்டார். நான் பார்க்க அவர் முதல்முறையாகச் சிரித்தது அன்றுதான். வேலையிலிருந்து நிற்பதைப் பற்றி அப்புறம் அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

விருப்பப்பட்டவர்கள் கைக்கெல்லாம் சான்றிதழ் வந்த பிறகு ஆய்வாளர் வந்தார். சென்னைக்காரர், காலுக்கு உறை, தலைக்கு உறை, முகத்தில் சிரிப்பைத் தவிர எல்லாம் போட்டிருந்தார். குக்கரின் பதிவுகளைப் பார்த்தார், திருப்திதான். பிறகு கேட்டார்.

“ஷிப்டை யார் முடிவு பண்றது?”

என் பைக்குள் அந்தப் பழைய அட்டவணை இருந்தது. பிளாஸ்டிக் உறையோடு, பளபளவென்று. எடுத்து நீட்டினால் ஐந்து நிமிஷத்தில் முடிந்திருக்கும். என் கை பைக்குப் போனதும் உண்மை. கனகம் குக்கர் பக்கத்திலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பொய் பிடிபட்டால் யூனிட் அன்றைக்கே போச்சு.

“யாரும் இல்லை சார்” என்றேன். “ரெண்டு விஷயம் மாறாது. மத்ததை அவங்களே பாத்துக்கிடுவாங்க.”

அவர் பேனாவை மூடினார். நல்ல அறிகுறி இல்லை. “இந்த அம்மா இப்ப திடீர்னு கிளம்பிட்டாங்கன்னு வெச்சுக்குவோம்” என்று கனகத்தைக் காட்டினார்.

“வச்சுக்கிடவா, கெளம்பவா?” என்றார் கனகம்.

“கிளம்புங்க.”

கனகம் கையுறையைக் கழற்றி, பையை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டினார். மடிக்கும் மேசையிலிருந்து பாப்பாத்தி எழுந்தார். கை கழுவி, கையுறை மாட்டி, குக்கரின் முள்ளைப் பார்த்து, பதிவில் கையெழுத்துப் போட்டார். அவர் எழுந்த இடத்தில் மேரி. மேரி விட்ட இடத்தில் செல்வி. ஒருத்தரும் ஒருத்தரை ஏவவில்லை, நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஆய்வாளர் ஒவ்வொருவர் பின்னாலும் போய்ச் சான்றிதழைக் கேட்டுப் பார்த்தார். மூடிய பேனாவைத் திறந்தார். “அந்த அம்மாவை வரச் சொல்லுங்க, ரெண்டு கேள்வி இருக்கு” என்றார். வெளியே ஓடிப் பார்த்தால் கனகம் சுந்தரபாண்டியம் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார். கிளம்பச் சொன்னார்கள், கிளம்பிவிட்டார்.

நிவேதா, இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு எல்லா இடத்திலும் இரண்டு கல்லை நட்டு மற்றதை விட்டுவிடாதே. நான் செய்தேன். ஆர்டர் கிடைத்த குஷியில் ராஜபாளையம் தறிக்கூடத்திலும் அதையே கொண்டுபோய்ப் போட்டேன். அங்கே ஒருவர் கையை எடுத்தால் பக்கத்துத் தறியும் நிற்கும். இரண்டே நாளில் பாதித் தறிகள் மௌன விரதம். மேடம் என் தாளைப் படிக்காமலே குப்புறத் திருப்பினார். தறிக்கூடத்துக்கு அட்டவணை வேண்டும், மடிப்புக்கூடத்துக்கு வேண்டாம். எந்த இடம் எப்படிப்பட்டது என்று போய் உட்கார்ந்து பார்க்காமல் தெரியாது. உன் திரையில் எல்லாம் தெரியட்டும். கொஞ்சம் இடத்தைக் காலியாகவும் விட்டு வை. அங்கே என்ன நடக்கிறது என்று உனக்குத் தெரியாமலே இருக்கட்டும். சரக்கு சரியாக வருகிறதா என்று மட்டும் பார்.

ஆய்வு முடிந்த மறுநாள் முதலாளி சொன்ன செய்தியோடு ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை. கனகம் குக்கரின் கதவைத் திறந்து பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார்.

“கனகம்மா, யூனிட் இங்கேயேதான். எங்கேயும் போகல. முதலாளி சொல்லிட்டாரு.”

அவர் கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தார். முந்தானையால் முகத்தை ஒற்றிக்கொண்டார். நீராவிதான் என்று நானும் நினைத்துக்கொண்டேன். உள்ளே திரும்பி, “ஏட்டி, இங்கேயேதானாம்” என்று மட்டும் சொன்னார். மேசைகளில் ஒரு நொடி கைகள் நின்றன. பிறகு வேலை தொடர்ந்தது. யாரும் எனக்கு நன்றி சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அளவுக்கு நான் ஒன்றும் செய்யவுமில்லை, கெடுத்ததை நிறுத்தியதைத் தவிர.

ஆனால் திட்டப் பிரிவில் ஊறிய கட்டையாயிற்றே. வாசல்வரை போனவன் திரும்பி வந்தேன்.

“நாளைக்குக் காலைல குக்கர்ல யாரு நிப்பா?”

கனகம் அடுத்த பெட்டியை இறக்கியபடி சொன்னார்:

“நாளைக்கு வந்து பாருங்க.”